துண்டுக்குள்ள பேசுன நாயம்

வா கண்ணு, இப்பிடி உக்காரு. ராத்திரி பூரா போனப் புடிச்சுக்கிட்டு எவங்கூடவோ ஓரியாட்டம் போட்டயாமா? யாரு செயிச்சது? நீயா? அவனும் தாந்தான் செயிச்சேங்கறானாமா? ரொம்பச் சந்தோசம். எங்க காலத்துல சண்டைன்னா ஒருத்தன் தோத்துத்தான் ஊட்டுக்குப் போவான். இப்பத்தான் ரெண்டு பக்கமும் செயிச்சுப்போட்டு, விடிஞ்சதும் கண்ணு செவந்து எந்திரிக்கறீங்க.

டிவிலயும் பாக்கறேன். நாலு கட்டம், நாலு மூஞ்சி. ஒருத்தரு பேசறப்ப மத்த மூணு பேரு கேக்கறாங்களா? எங்க கேக்கறாங்க? தன் மொறைக்கு மூச்சுப் புடிச்சு வெச்சுக்கறாங்க. விளம்பரம் போட்டாத்தான் நம்ம ஊடு அமைதியா இருக்குது.

காலேசுல படிச்ச பாடத்தையும் ஒப்பிச்ச. அமெரிக்காவுல ஜான் ரால்ஸ்னு ஒரு வாத்தியாராமா. ஹார்வர்டுல இருந்தவராமா. 1993ல பெரிய பொஸ்தகம் போட்டாராமா. ஊருக்குப் பொதுவா ஒண்ணச் செய்யோணும்னா, நம்ம சாமியக் கும்புடாதவனும் எடுத்து நெதானிச்சுப் பாக்கற மாதிரி காரணஞ் சொல்லோணும்னு அதுல இருக்குதாமா. நல்ல மனுசன். ஒண்ணும் தப்பாச் சொல்லலை. ஆனா அதச் சொல்றப்ப உனக்கு எதுக்கு அத்தனை மூக்கு விடைக்குது? இது நம்ம பக்கத்துல நெருப்பு வெச்சே பாத்துட்ட விசயமாச்சே. திருச்செங்கோட்டு பஸ் ஏறுனாப் போதும். ஹார்வர்டுக்கு எதுக்குப் போவோணும்?

திருச்செங்கோடு தெரியுமில்ல? மலை மேல அர்த்தநாரீசுவரரு. பாதி ஆம்பளை, பாதி பொம்பளை. மலைக்குக் கீழ தறிச் சத்தம். ரோட்டோரம் வரிசையா ரிக் வண்டி. இந்தியா பூராப் போயிப் பூமியத் தொளைச்சுத் தண்ணி காட்டற ஊரு.

அந்தப் பக்கத்துக்காரருதான் பெருமாள்முருகன். நாமக்கல் அரசு காலேசுல தமிழ் வாத்தியாரா இருந்தாரு. 2010ல 'மாதொருபாகன்'னு ஒரு நாவல் எழுதுனாரு. காளி, பொன்னான்னு ஒரு புருசன் பொஞ்சாதி. வெள்ளைக்காரன் காலம். காடு உண்டு, மாடு கன்னு உண்டு, ஒருத்தரு மேல ஒருத்தரு உசுரையே வெச்சிருப்பாங்க. கொழந்தை மட்டும் இல்லை. அதுக்கு ஊரும் உறவும் படுத்தற பாடு இருக்குதே, அதுதான் கதையில முக்காவாசி. கடைசியில திருச்செங்கோட்டுத் தேர்நோம்பிப் பதினாலாம் நாள் ராத்திரிக்கு அவளக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. கொழந்தையில்லாத பொம்பளை அந்த ஒரு ராத்திரி, முன்னப்பின்ன தெரியாத ஆம்பளையச் சாமியா நெனைச்சுக் கூடிக்கலாம்னு அந்தக் காலத்துல ஒரு வழக்கம் இருந்ததாக் கதை சொல்லுது.

நாலு வருசம் அந்தப் பொஸ்தகம் கடையில கெடந்துச்சு. ஊரு அசையலை. 2013ல இங்கிலீசுலயும் வந்துச்சு. அப்பவும் தேரும் ஓடுச்சு, தறியும் ஓடுச்சு. 2014 டிசம்பர்லதான் திடீர்னு ஊரு மனசு புண்ணாயிருச்சு. சில பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கையில குடுத்தாங்க. டிசம்பர் 26ஆம் தேதி பொஸ்தகத்தக் கொளுத்துனாங்க. 2015 ஜனவரி 9ஆம் தேதி கடையடைப்பு.

ஆயிரம் அடி பூமிக்குள்ள எறங்கிப் பாக்கற ஊரு கண்ணு அது. ஒரு நாவலுக்குள்ள முழுசா எறங்கிப் பாக்க நேரமில்லாமப் போச்சே!

சிரிக்காத. உங்காளுகளும் லேசுப்பட்டவங்க இல்ல. சென்னையிலயும் டெல்லியிலயும் பலகை புடிச்சு நின்னாங்களே, அதுல எத்தனை பேரு படிச்சிருந்தாங்க? திருச்செங்கோடு சேலத்துக்கு மேக்கயா கெழக்கயான்னு கேட்டா முழிச்சிருப்பாங்க. படிக்காம எதுக்கறது தப்புன்னா, படிக்காம ஆதரிக்கறது மட்டும் புண்ணியமா?

இன்னொரு வேடிக்கையும் பாத்தேன். எழுத்தாளருக்காகப் பேச வந்தவங்க என்ன சொன்னாங்க? "அட, வெறும் கதைதானுங்களே! கற்பனைங்க! இதுக்குப் போயி ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?" அதே ஆளுக அடுத்த வாரம் இலக்கியக் கூட்டத்துல என்ன பேசுவாங்க? "கதைக்கு ஒலகத்தையே பொரட்டற சக்தி இருக்குது!" ஏப்பா, பொரட்டுமா, பொரட்டாதா? கைதட்டுக்கு ஒரு பேச்சு, கேசு வந்தா ஒரு பேச்சா?

எதுத்தவங்க பேச்சும் அதே லட்சணந்தான். "அத்தனையும் பொய்யி! ஆதாரமில்லாத பொய்யி!"ன்னாங்க. சரி, பொய்யின்னா போகட்டும்னு விட்டிருக்கலாமே? அதுக்கு ஏன் அந்த நடுக்கம்? ஒருத்தரு கதைய வெறும் கதைங்கறாரு, ஆனா அதுக்குச் சக்தி இருக்குதுன்னு நம்பறாரு. ஒருத்தரு பொய்யிங்கறாரு, ஆனா நெசம்னு பயப்படறாரு. ரெண்டு பேரு வாயும் ஒரு தெசை, வயிறு ஒரு தெசை.

கதைக்குச் சக்தி இருக்குது கண்ணு. அதுல சந்தேகமே வேண்டாம். ரெண்டாயிரத்து முன்னூறு வருசத்துக்கும் முந்தி கிரேக்கத்துல பிளேட்டோன்னு ஒரு ஞானி. கவிஞனுங்க சனங்க மனசக் கெடுக்கறாங்க, நல்ல நாட்டுக்குள்ள அவங்க வேண்டாம்னு எழுதி வெச்சாரு. அதே பொஸ்தகத்துலதான், கொகைக்குள்ள மனுசங்களக் கட்டிப்போட்டு, செவுத்துல நெழலாட்டம் காட்டுன கதையச் சொல்றாரு. அவரு மத்ததெல்லாம் என்ன சொன்னாருன்னு வாத்தியாருகளக் கேட்டாத்தான் தெரியும். அந்தக் கொகைக் கதை மட்டும் ஒலகம் பூரா ஞாபகம் வெச்சிருக்குது. கதையத் தொரத்தறதுக்கே அந்த ஞானிக்கு ஒரு கதை தேவைப்பட்டிருக்குது, பாத்துக்க.

இப்ப எதுத்தவங்க பக்கம் கொஞ்சம் நின்னு பாக்கலாம் வா. சும்மா கத்துனதத் தள்ளிரு. அதுக்குள்ள ஒரு நாயம் இருந்துச்சு. நம்ம பக்கம் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்குது. திருதராட்டிரனும் பாண்டுவும் எப்பிடிப் பொறந்தாங்கன்னு கூத்துப் பாத்த கெழவிக்கெல்லாம் தெரியும். வாரிசில்லாத ராசா ஊட்டுல வியாசரு வந்துதான் வம்சம் தழைச்சுது. அதக் கேட்டு எவனும் பந்தல எரிக்கலை. அப்ப இதுக்கு மட்டும் ஏன் கோவம்னு நீ கேப்ப. அதுக்கு அவன் என்ன சொல்லுவான்? "சாமி, அது அஸ்தினாபுரம். இது எங்கூரு. பாண்டு எனக்குத் தாத்தன் இல்ல. அந்தத் தேர்நோம்பிக்கு எங்க அப்பத்தா போயிருக்கா. நாளைக்கு எம்மகளப் பொண்ணுக் கேட்டு வர்றவன் வாய்க்குள்ள சிரிப்பானே?"

இது நாயமா இல்லியா? நாயந்தான். ஊரு பேரச் சொல்லிக் கத எழுதுனா, ஊருக்காரன் ஏன்னு கேக்கறதுக்கு உரிமை இருக்குது.

அதுக்குப் பதிலும் இருக்குது. "அந்தக் கதையில உங்க அப்பத்தாளுக்கு என்ன இழுக்கு? கொழந்தையில்லைன்னு ஒருத்தியக் குத்திக் குத்திக் கொன்னுதே ஊரு, இழுக்கு அதுக்கில்லியா?"ன்னு திருப்பிக் கேக்கலாம். "உங்கூர்ல இன்னைக்கும் கலியாணமாகி ரெண்டு வருசத்துல 'ஏதாச்சும் விசேசமா?'ன்னு கேக்காத ஒறம்பரை ஒண்ணக் காட்டு"ன்னும் கேக்கலாம். அப்ப அவனும் யோசிப்பான், இவனும் யோசிப்பான். ஊருப் பேர எடுத்துப்போட்டு அடுத்த பதிப்புப் போடறேன்னு எழுதுனவரே சொன்னாரு. அப்பிடி நடந்திருந்தா அது பேச்சு. ஆனா நடந்ததென்ன?

மாட்டுச் சந்தை பாத்திருக்கயா? விக்கறவன் ஒருத்தன், வாங்கறவன் ஒருத்தன், நடுவால தரகன். தரகன் தோள்ல கெடக்கற துண்ட எடுத்துக் கை மேல போத்துவான். உள்ளார வெரலப் புடிச்சு வெலை பேசுவான். சுத்தி நிக்கற நூறு பேருக்கு ஒண்ணும் தெரியாது. மாடு கைமாறுனதும் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்குவான். ஏன் இந்த வெலை, எதுக்குக் கொறைச்ச, எதுக்கு ஏத்துனன்னு கேக்க ஒருத்தனுக்கும் வழியில்ல. மாட்டுக்கு அது சரி. ஊரு நாயத்துக்குச் சரியா?

2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல்ல நடந்தது துண்டுக்குள்ள பேசுன நாயந்தான். மாவட்ட வருவாய் அலுவலரு முன்னால அமைதிப் பேச்சு வார்த்தைன்னு கூட்டுனாங்க. நிபந்தனையில்லாம மன்னிப்புக் கேக்கறேன், விக்காத பிரதிகளத் திரும்ப எடுத்துக்கறேன்னு எழுத்தாளரு கையெழுத்துப் போட்டாரு. நாவல் நல்லதா கெட்டதான்னு அங்க யாராச்சும் பேசுனாங்களா? எந்தப் பக்கத்துல என்ன தப்புன்னு ஊரறிய ஒரு வரி சொன்னாங்களா? ஒண்ணுமில்ல. ஊரு அமைதியா இருக்கோணும், அவ்வளவுதான். அதுக்கப்பறம் பேஸ்புக்குல அந்த மனுசன், பெருமாள்முருகங்கற எழுத்தாளன் செத்துட்டான், இனிமே வாத்தியாரு வேலை மட்டுந்தான்னு தனக்குத் தானே சாவுச் செய்தி எழுதிட்டாரு. துண்ட ஒதறிப் பாத்தா உள்ள ஒரு பொணம்.

அமைதி அமைதின்னு சொல்றாங்களே கண்ணு, எல்லா அமைதியும் நல்ல அமைதின்னு நெனைச்சுக்காத. வாய அடைச்சாலும் சத்தம் நிக்கும். புரிஞ்சுக்கிட்டாலும் சத்தம் நிக்கும். வெளிய நின்னு பாக்கற ஆபீசருக்கு ரெண்டும் ஒண்ணு.

அந்தக் காலத்துல எப்பிடித் தீத்தாங்கன்னு கேக்கறயா? அந்த மலையிலயே பதில் இருக்குது. படியேறிப் போனா அறுபதாம் படின்னு ஒரு எடம். சத்தியப்படின்னும் சொல்லுவாங்க. பங்காளித் தகராறு, கொடுக்கல் வாங்கல் தகராறுன்னா ரெண்டு பேரையும் அங்க நிறுத்திச் சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. பொய்ச் சத்தியம் பண்ணுனா குடும்பம் வெளங்காதுன்னு பயம். கோர்ட்டே ஏத்துக்கிட்ட சத்தியம்னு பெரியவங்க பெருமையாச் சொல்லுவாங்க. அந்தப் படி ஏன் வேலை செஞ்சுது? கல்லுக்காகவா? இல்ல. ஏறுன ரெண்டு பேருக்கும் ஒரே சாமி மேல பயம். ஒரே பயம் இருந்தா ஒரே படி போதும்.

இப்ப அப்பிடியா? உனக்கு ஒரு சாமி, அவனுக்கு ஒரு சாமி, மூணாவது ஆளுக்குச் சாமியே இல்ல. நீ நிக்கற படியில அவன் ஏற மாட்டான். "எங்க சாமி சொல்லுது"ன்னா அவன் தலையாட்டுவானா? "எங்க பேராசிரியரு சொல்றாரு"ன்னா இவன் தலையாட்டுவானா? அதுனாலதான் ரெண்டு பேரும் தொட்டுப் பாக்கற மாதிரி காரணம் வேணும்கறது. உங்க ரால்ஸ் வாத்தியாரு பக்கம் பக்கமா எழுதுனதுல என் மண்டைக்கு ஏறுனது இவ்வளவுதான். சத்தியப்படி பொதுவா இல்லாத ஊருக்கு, காரணந்தான் படி.

சரி, கோர்ட்டு என்ன சொல்லுச்சுன்னு கேளு. 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை ஐகோர்ட்டு. தலைமை நீதிபதி சஞ்சய் கிசன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்புச் சொன்னாங்க. அந்த அமைதிப் பேச்சு ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாதுன்னாங்க. புடிக்கலைன்னா பொஸ்தகத்தத் தூக்கிப் போட்டுட்டுப் போன்னாங்க. எழுத்தாளரு திரும்பவும் எழுந்து வந்து எழுதட்டும்னாங்க. இதச் சொல்றதுக்கு அவங்களுக்கு நூத்தம்பது பக்கத்துக்கு மேல ஆச்சு. ஏன் அத்தனை பக்கம்? தோத்தவனும் படிச்சுப் பாத்து, எந்த எடத்துல தோத்தோம்னு தெரிஞ்சுக்கட்டும்னுதான். காரணத்த எழுதி வெச்சா, அதத் தப்புன்னு சொல்றவனும் எந்த வரி தப்புன்னு காட்டலாம். துண்டுக்குள்ள புடிச்ச வெரல எந்த வரியில காட்டுவ?

அந்த வருசமே எழுத்தாளரு கவிதையோட திரும்பி வந்தாரு. அப்பறம் ஒரு வெள்ளாட்டுக்குட்டியப் பத்தி 'பூனாச்சி'ன்னு எழுதுனாரு. மனுசனப் பத்தி எழுதுனா வம்பு, ஆட்டப் பத்தி எழுதுனா ஆடு வந்து கேசா போடப் போகுது? குசும்பு புடிச்ச மனுசன். 2023ல அவரு 'பூக்குழி' இங்கிலீசுல போயி இன்டர்நேசனல் புக்கர் நெடும்பட்டியல்ல நின்னுது. திருச்செங்கோட்டுல வெச்ச நெருப்பு வெளிச்சத்துல லண்டன் வரைக்கும் அந்தப் பேரு தெரிஞ்சிருச்சு. கொளுத்துனவங்களுக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

பொஸ்தகத்தக் கொளுத்தறது புதுசுன்னு நெனைச்சயா? இன்னொரு பழமை சொல்றேன் கேளு. 1943ல, வெள்ளைக்காரன் இன்னும் போகலை. பெரியாரு கட்சிக்காரங்க கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தோணும்னு கெளம்புனாங்க. கம்பனத் தலையில தூக்கி வெச்சு ஆடற தமிழ்ப் புலவருங்க கொதிச்சாங்க. அப்ப என்ன பண்ணுனாங்க? பிப்ரவரியில சென்னைச் சட்டக் கல்லூரியில மேடை போட்டாங்க. கொளுத்தோணும்னு ஒரு பக்கம் அண்ணாதுரை, கூடாதுன்னு ஒரு பக்கம் ரா.பி. சேதுப்பிள்ளை. அடுத்த மாசம் மார்ச்சு 14, நம்ம சேலம். ஒரு பக்கம் அதே அண்ணா. எதுத்த பக்கம் நாவலர் சோமசுந்தர பாரதியாரு. கொளுத்தலாமா, கூடாதா? சனம் பூரா உக்காந்து கேட்டுது.

கவனிச்சயா? கொளுத்தலாமாங்கறதுக்கே மொதல்ல காரணஞ் சொன்னாங்க. ஒருத்தரு, இந்தக் கத தமிழன் மனசுல அடிமைப் புத்திய விதைக்குதுன்னாரு. ஒருத்தரு, இல்லைங்க, இது தமிழுக்குக் கெடைச்ச சொத்துன்னாரு. ரெண்டு பேருல ஒருத்தராச்சும் "வெறும் கதைதானே"ன்னாங்களா? இல்ல. கதைக்குச் சக்தி இருக்குதுங்கறதுல ரெண்டு பேரும் ஒத்துப்போனாங்க. அந்தச் சக்தி எந்தப் பக்கம் இழுக்குதுங்கறதுலதான் சண்டை. சண்டைன்னா அது சண்டை. அந்தப் பேச்சு 'தீ பரவட்டும்'னு பொஸ்தகமாவும் வந்துச்சு. கொளுத்தோணும்னு பேசுன பேச்சும் அச்சாச்சு, கம்பனும் அச்சாகிக்கிட்டே இருக்கறான். யாரு கெட்டுப்போனாங்க?

எனக்கு ஒண்ணுதான் வெளங்கலை. 1943ல, முக்காவாசிச் சனத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்துல, ஒரு பொஸ்தகத்தப் பத்திச் சேலத்துல மேடை போட்டுப் பேசுனாங்க. 2014ல, தெருவுக்கு ஒரு இஞ்சினீரு காலேசு வந்த பொறவு, அதே சீமையில மேடையில்லாமத் தீப்பெட்டி எடுத்தாங்க. படிச்சது எச்சாச்சா, கொறைஞ்சுதா?

கதைக்குப் பதில் கதையாச் சொல்லலாம்னு நம்ம பக்கம் ஒருத்தரு காட்டியிருக்காரு. ராசாசி. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல புதுப்பாளையத்துல 1925ல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சாரு. கள்ளு சாராயத்த ஒழிக்கோணும்னு 'விமோசனம்'னு சின்னதா ஒரு பத்திரிகை. கூட வேலை செஞ்சவரு யாருங்கற? பின்னால 'பொன்னியின் செல்வன்' எழுதுன கல்கிதான். குடிச்சா நரகம்னு மட்டும் மெரட்டலை. குடியானவன் ஊட்டுல நடக்கறதக் கதையா எழுதிப் படிக்க வெச்சாங்க. அவரு கையில ஆட்சி வந்ததும், 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்குச் சட்டம் மொதல்ல நம்ம சேலம் சில்லாவுலதான் வந்துச்சு. அப்ப நாமக்கல்லும் அதுக்குள்ள அடக்கம். கசானாவுக்குக் காசு எங்கன்னு கேட்டவங்களுக்கு, 1939ல விற்பனை வரின்னு பதில் வெச்சாரு. அது சரியா தப்பான்னு நீ இன்னைக்கும் வாதாடலாம். மரமேறிகளுக்குச் சோத்துக்கு என்ன வழின்னு நான்கூடக் கேப்பேன். கேக்க முடியுதில்ல? காரணத்த வெளிய வெச்சாத்தான் அதுல ஓட்டை தேட முடியும்.

அந்த ராசாசியும் பெரியாரும் கொள்கையில ரொம்பக் காலம் எதிரும் புதிரும். அவரு 'சக்கரவர்த்தித் திருமகன்'னு ராமாயணத்த எழுதி 1958ல சாகித்திய அகாதெமி பரிசு வாங்குனாரு. இவரு அதே ராமாயணத்துப் பாத்திரங்களக் கிழிகிழின்னு கிழிச்சு எழுதுனாரு. ரெண்டும் ஒரே பட்டணத்துல வித்துது. 1972 டிசம்பர்ல ராசாசி செத்தப்ப, தொண்ணூத்து மூணு வயசுல பெரியாரு சக்கர நாற்காலியில வந்து அழுதாரு. நீ என்னடான்னா, சினிமா நடிகனப் பத்தி ஒரு வரி எழுதுனான்னு சித்தப்பன் மகனையே போன்ல பிளாக் பண்ணி வெச்சிருக்க.

நம்ம பெருமாள்முருகன் இன்னொரு வேலையும் பண்ணுனாரு. 'மாதொருபாகன்' முடியற எடத்துல காளி என்ன ஆனான்னு தெரியாது. அதுக்கப்பறம் ரெண்டு நாவல் எழுதுனாரு. 'ஆலவாயன்'ல காளி செத்துப் போயிட்டான். 'அர்த்தநாரி'யில உசுரோட இருக்கான். தன் கதையோட தானே ஓரியாட்டம் போட்டு, ரெண்டு முடிவையும் மேசை மேல வெச்சுட்டாரு. எதுத்தவங்க என்ன பண்ணியிருக்கோணும்? மூணாவதா ஒண்ணு எழுதியிருக்கோணும். அப்பத்தா வாயால சொல்ற மாதிரி, "எங்க காலத்துல அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லடா, நடந்தது இதுதான்"னு ஒரு நாவல். பொஸ்தகக் கடையில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கும். நான் ரெண்டையும் வாங்கியிருப்பேன். ஆனா பாரு, தீப்பெட்டி அப்ப ஒரு ரூவா. நாவல் எழுத ரெண்டு வருசம். லேசான வழியத்தான் மனுசன் போவான்.

போகட்டும். உனக்கு நான் சொல்றது இதுதான். ஒருத்தனோட ஒத்துப்போகலையா? மொதல்ல அவன் எழுதுனத முழுசாப் படி, ஜெராக்ஸ் வேண்டாம். அப்பறம் அவன் நாயத்த அவனே "ஆமாங்க, இதத்தான் நான் சொன்னேன்"னு ஒத்துக்கற மாதிரி நீ சொல்லிக் காட்டு. அதுக்குப் பொறவு உன் காரணத்த எடுத்து வெளிய வை. உன் சாமியையும் உன் வாத்தியாரையும் கொஞ்சம் தள்ளி உக்கார வெச்சுட்டு வை. இத்தனையும் பண்ணி முடிச்ச பொறவும் அவன் மேல உனக்குக் கோவம் மிச்சமிருந்தா நேரா எங்கிட்ட வா கண்ணு. ரெண்டு பேருமாச் சேந்து உக்காந்து அவன நல்லாத் திட்டலாம்.